எதற்காகக் கழற்றுகிறாய்?

பழைய மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். பூஞ்சை பிடித்திருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகு ஷட்டரை ஓடவிட்டுக் காது கொடுப்பார்கள். நான் இவற்றோடு இன்னொன்றும் செய்வேன். கேமராவைக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பேன். மரைத் துளை எந்த இடத்தில் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள உலோகம் எவ்வளவு கனம், ஃபிலிம் மாற்றத் திறக்கும் தாழ்ப்பாள் அடியில் இருக்கிறதா வேறெங்கும் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தக் கேமரா ஸ்டாண்டில் எப்படி உட்காரப்போகிறது என்பதை அந்தச் சின்ன இடம் சொல்லிவிடும்.

ஸ்டாண்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் வரும் சாமானைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். கடையில் குயிக் ரிலீஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வெறும் பிளேட். அதற்கு இரண்டு பாதிகள். ஒன்று கேமராவின் அடியில் திருகி அங்கேயே விட்டுவிடும் தட்டு. மற்றது ஸ்டாண்டின் தலையில் இருந்து அந்தத் தட்டைக் கவ்வும் கிளாம்ப். தட்டைக் கிளாம்பில் வைத்து லீவரையோ குமிழையோ திருப்பினால் கேமரா நின்றுவிடும். எதிர்ப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு கிலோ, மூன்று கிலோ எடையுள்ள கேமராவின் கூர்மை முழுவதும் இந்த ஒரு மூட்டில்தான் நிற்கிறது. ஸ்டாண்டின் கால்கள் எவ்வளவு கனமாக இருந்தாலும், தலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், இந்த மூட்டு அசைந்தால் படம் ஷேக் ஆகிவிடும். மூன்று விதமான கேமராக்களோடு வேலை செய்து, மூன்று விதமான மவுன்ட்களைத் தேடிப்போன அனுபவத்தில் எனக்குத் தெளிவான பாடம் இது.

நான் தொழில் பழகியது கோயம்புத்தூரில், ஒப்பனக்கார வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த ஸ்டுடியோவில். எண்பதுகளின் தொடக்கம். பாஸ்போர்ட் படமானாலும் கல்யாணமானாலும் ஒன் ட்வென்டி ஃபிலிம் ரோல்தான். கல்யாணங்களுக்கு யாஷிகா மேட் 124ஜி போகும். ஸ்டுடியோவுக்குள் மாஸ்டர் மட்டும் தொடுகிற ரோலைஃப்ளெக்ஸ் ஒன்று இருந்தது. இரண்டும் இரட்டை லென்ஸ் கேமராக்கள். மேல் லென்ஸ் வழியே பார்க்க வேண்டும், கீழ் லென்ஸ் படம் எடுக்கும். 6க்கு 6 செ.மீ. அளவில் ஒரு ரோலுக்கு 12 படங்கள். பன்னிரண்டு முடிந்ததும் பின்கதவைத் திறந்து ரோல் மாற்ற வேண்டும்.

சிக்கல் அங்கேதான் வரும். அந்தக் கேமராக்களின் பின்கதவு கீழே பூட்டிக்கொண்டு மேல்நோக்கித் திறக்கும். தாழ்ப்பாள் அடிப்பாகத்தில், ஸ்டாண்டு மரையை ஒட்டியே இருக்கும். கேமரா ஸ்டாண்டில் திருகியிருக்கும்வரை கதவைத் திறக்க முடியாது. முகூர்த்தம் முடிந்ததும் மேடையில் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் என்று வரிசை நீளும். பன்னிரண்டாவது படம் எடுத்ததும் அடியில் கைவிட்டு அந்தத் திருகைக் கழற்றி, ரோல் மாற்றி, மறுபடியும் மரையைத் தேடித் திருகி, ஃபிரேமைச் சரிசெய்ய வேண்டும். அதற்குள் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பந்திக்குப் போயிருப்பார்கள்.

மாஸ்டரின் ரோலைஃப்ளெக்ஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதோடு ரோலைஃபிக்ஸ் என்ற பிடிப்பு ஒன்று வந்திருந்தது. ஸ்டாண்டில் நிலையாகத் திருகியிருக்கும் உலோகத் தொட்டில் அது. கேமராவின் முன்விளிம்பை அதன் கொக்கியில் பொருத்திப் பின்பக்கம் அழுத்தி லீவரைத் தள்ளினால் ஆடாமல் நிற்கும். ரோல் முடிந்தால் லீவரை இழுத்துக் கேமராவை எடுத்துவிடலாம். அது வேகத்துக்காக மட்டும் வந்ததில்லை என்பதை மாஸ்டர் கேமராவைக் கவிழ்த்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ரோலைஃப்ளெக்ஸின் அடிப்பாகம் கனமான வார்ப்பு இல்லை. ஒரே திருகில் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் தகடு இழுபடும். அடி இழுபட்டால் பின்கதவு உட்காரும் இடமும் மாறும். ஃபிலிம் தட்டையாக நிற்க வேண்டிய தளத்துக்கே பங்கம் வரும். ரோலைஃபிக்ஸ் அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டுக் கேமராவின் இரண்டு ஓரங்களைப் பிடிக்கிறது. பாரம் பரவிவிடுகிறது.

யாஷிகாவுக்கும் அதுபோல ஒன்று செய்துவிடலாமே என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு, “எதுக்குக் கழட்டறேன்னு மொதல்ல சொல்லு கண்ணு. அப்புறம் எப்படி மாட்டறதுன்னு பாக்கலாம்” என்றார். “ரோல் மாத்தறதுக்கு” என்றேன். “அப்படின்னா கதவு தொறக்கற மாதிரி ஒண்ணு வேணும். பலமாப் புடிக்கறதைவிட அதுதான் முக்கியம்” என்றார். தாழ்ப்பாளை மறைக்காத அளவுக்குச் சின்னத் தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். கல்யாணப் படங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கேமரா ஒரு கிலோவைச் சுற்றித்தான் எடை. அதைப் பக்கவாட்டில் சாய்க்கவும் வேண்டியதில்லை, ஏனென்றால் படம் சதுரம்.

அந்தக் கேள்வியின் முழு மதிப்பும் எனக்குப் புரிந்தது தொண்ணூறுகளில். அப்போது தனியாகத் தொழில் செய்துகொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் அன்றைக்கும் இன்றைக்கும் மோட்டார் பம்புசெட் செய்கிற தொழிற்சாலைகள் ஏராளம். அவர்களுக்குக் கேட்டலாக் தேவை. கேட்டலாக்குக்குப் பெரிய ஸ்லைடு தேவை. சென்னையிலிருந்து இரண்டாம் கையாக மாமியா ஆர்பி67 ஒன்று வாங்கினேன். 1970இல் வெளிவந்த வடிவம் அது. 6க்கு 7 செ.மீ. படம், ரோலுக்கு 10. லென்ஸும் ஃபிலிம் போடும் பேக்கும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் போகும். பேக் தனியாகச் சுழலும் என்பதால் படுக்கைப் படத்திலிருந்து நெட்டைப் படத்துக்கு மாறக் கேமராவைச் சாய்க்கத் தேவையில்லை. ரோல் மாற்ற ஸ்டாண்டிலிருந்து இறக்கவும் தேவையில்லை. பேக்கை மட்டும் கழற்றினால் போதும்.

ஆனால் அதன் ஃபோகஸ், துருத்திபோல நீளும் பெல்லோஸில் இருந்தது. குமிழைத் திருப்பினால் லென்ஸ் தாங்கும் முன்பாகம் முழுவதும் 46 மி.மீ. வரை முன்னே வரும். ஏறக்குறைய முக்கால் கிலோ எடையுள்ள லென்ஸ் அப்படி நகரும்போது கேமராவின் எடை மையமும் கூடவே நகரும். பின்பக்கம் கனமாக இருந்த கேமரா, கிட்டத்துப் படம் எடுக்கும்போது முன்பக்கம் கனத்துவிடும். பம்பு கேட்டலாக்கில் எழுத்து வரவேண்டிய இடத்தை வடிவமைப்பாளர் டிரேஸிங் தாளில் வரைந்து கொடுத்திருப்பார். அதைக் கிரவுண்ட் கிளாஸில் வைத்து, பம்பின் பெயர்ப்பலகை அந்தக் கோட்டுக்குள் வரும்படி சரிசெய்து, ஸ்டாண்டின் தலையை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் படம் மெதுவாகக் கீழே இறங்கும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். மறுபடி தூக்கி வைத்தாலும் மறுபடி இறங்கும்.

கேமராவின் அடியில் அப்போது இருந்தது உள்ளங்கையில் பாதி அளவுள்ள தட்டு, மேலே ரப்பர் ஒட்டியது. பெட்டியில் எட்டுக் கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. எட்டுக் கிலோவை அது கீழே போடாமல் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விழாமல் தாங்குவது ஒன்று, அசையாமல் தாங்குவது வேறொன்று. ரப்பர் எடை பட்ட பக்கம் அமுங்குகிறது. அமுங்கி முடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்கிறது. லென்ஸை முன்னே நகர்த்தினால் இன்னொரு பக்கம் அமுங்கத் தொடங்குகிறது. பெட்டிமேல் போட்டிருக்கும் கிலோக் கணக்கு இதையெல்லாம் சொல்வதில்லை.

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கணபதிப் பகுதியில் இருந்த லேத் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பம்பு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்துகொண்டிருந்த இடம். பட்டறைக்காரர் கேமராவின் மேல்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நேராகக் கவிழ்த்துத் தட்டை விரலால் தடவினார். ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இது நடுவுல ஒக்காருதுங்க தம்பி, ஓரத்துல ஒக்கார்ல. அதான் ஆடுது. எதுக்குங்க இந்த ரப்பரு?”

“வழுக்காம இருக்கறதுக்குங்கண்ணா.”

“வழுக்காம இருக்கோணும்னா ஒரு ஒதடு வெச்சுக்கலாமுங்க. ரப்பர எடுத்துப்போடுங்க. அலுமினியத்துல பெருசாவே வெட்டிர்றேன். நடுவுல அர மில்லி கொடஞ்சு விட்டா ஓரம் மட்டும் ஒக்காரும். அப்புறம் பாருங்க.”

அவர் சொன்னதற்குப் பின்னால் இருந்தது எந்திரத் தொழிலில் எல்லோரும் அறிந்த விதி. இரண்டு தட்டைப் பரப்புகள் முழுதாக ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் துளி மேடு இருந்தாலும் அதன்மேல் ஆடும். நடுவைக் குடைந்துவிட்டால் தொடும் இடங்கள் ஓரத்துக்குப் போய்விடும். அடித்தளம் அகலமாகும். ஒரே திருகின் இறுக்கம் அந்த அகலம் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். உதடு என்று அவர் சொன்னது தட்டின் பின்னோரத்தில் மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் விளிம்பு. அது கேமராவின் பின்முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும். கேமரா திருகைச் சுற்றித் திரும்ப முயன்றால் விளிம்பு தடுத்துவிடும். உலோகத்தின்மேல் உலோகம், சுற்றாமல் தடுக்க ஒரு விளிம்பு. நல்ல தட்டு எதுவானாலும் இந்த இரண்டும் இருக்கும் என்பதைப் பிறகு பெரிய நிறுவனங்களின் சாமான்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் தனித்தனியாகத் தட்டு வெட்டி விற்கிறார்களே, அந்த விலை பெரும்பாலும் இந்த விளிம்புக்கான விலைதான்.

இதே தட்டு மாஸ்டரின் ரோலைஃப்ளெக்ஸுக்கு ஆகாது. மெல்லிய அடித்தகட்டை ஓரத்தில் முட்டுக்கொடுத்து நடுவில் இழுத்தால் வளைந்துவிடும். ஆர்பியின் அடி கனமான வார்ப்பு என்பதால் அது தாங்கிக்கொண்டது. ஒரு கேமராவின் நல்ல மவுன்ட் இன்னொன்றுக்குக் கேடாக முடியலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

திருகையும் அவர்தான் கவனித்தார். கேமராக்களின் அடியில் இருப்பது இரண்டே அளவு மரைகள்: கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி; எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. கால் அங்குலத் திருகு தொலைந்தால் பலரும் கைக்குக் கிடைக்கிற எம்-6 போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அது உள்ளே போவதுபோலத்தான் இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ., எம்-6 வெறும் 6 மி.மீ. புரிக்குப் புரி இடைவெளியும் 1.27க்கு 1 என்று வேறுபடும். தளர்ந்து உட்கார்ந்து, இறுக்க இறுக்கக் கேமராவின் மரையைத் தின்றுவிடும். திருகின் நீளமும் முக்கியம். தட்டுக்கு மேலே ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் போனால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோலத் தெரியும். தட்டு கேமராவைத் தொட்டிருக்காது. இன்றைக்கும் புதுத் தட்டு வாங்கினால் திருகைத்தான் முதலில் அளக்கிறேன்.

புதுத் தட்டு எவ்வளவு நல்லது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். லேசர் பாயின்டர் ஒன்றைக் கேமராமேல் டேப்பால் நன்றாக ஒட்டி, ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளி விழும்படி வைக்க வேண்டும். லென்ஸின் முனையை ஒரு விரலால் மெல்ல அழுத்தி விட்டால் புள்ளி எவ்வளவு நகர்கிறது, திரும்பப் பழைய இடத்துக்கே வருகிறதா, எவ்வளவு நேரம் நடுங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து மீட்டரில் புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 90 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவின் ஃபிலிமில் உருவம் 0.018 மி.மீ. நகரும். அதே அசைவு 250 மி.மீ. லென்ஸில் 0.05 மி.மீ. ஆகிவிடும். 6க்கு 7 நெகடிவை 16க்கு 20 அங்குலப் பிரிண்டாகப் போட்டால் ஏழு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகிறது. முதல் கணக்கில் மங்கல் எட்டில் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இரண்டாவதில் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். எவர் கண்ணுக்கும் தெரியும். ரப்பர் தட்டில் புள்ளி நகர்ந்துவிட்டுப் பாதி வழிதான் திரும்பி வந்தது. பட்டறைத் தட்டில் துள்ளிவிட்டு அதே இடத்தில் வந்து நின்றது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி புது லென்ஸ் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

கண்ணாடியின் அதிர்வும் இதோடு சேர்ந்ததுதான். ஆர்பியில் உள்ளே இருக்கும் கண்ணாடி பெரியது. பட்டனை அழுத்தியதும் அது மேலே எழும்பி இடிக்கும். எட்டில் ஒரு நொடி, பதினைந்தில் ஒரு நொடி என்ற வேகங்களில் அந்த இடியின் நடுக்கம் படத்தில் விழும். லென்ஸில் இருக்கும் குமிழைத் திருப்பி வைத்துவிட்டால் பட்டன் கண்ணாடியை மட்டும் தூக்கும். பிறகு லென்ஸில் மாட்டிய கேபிள் ரிலீஸை அழுத்தினால் ஷட்டர் மட்டும் ஓடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மவுன்ட்தான் தீர்மானிக்கிறது. இறுக்கமான மூட்டில் நடுக்கம் உடனே அடங்கும். தளர்ந்த மூட்டில் சுவரில் புள்ளி ஆடிக்கொண்டேயிருப்பதைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் நீலகிரியில் இயற்கைக் காட்சிகள் எடுத்துக்கொண்டிருந்த நண்பரிடம் பென்டாக்ஸ் 6க்கு 7 இருந்தது. 35 மி.மீ. கேமராவைப் பெரிதாக்கிய மாதிரி உடம்பு அது, பேக் சுழலாது. நெட்டைப் படம் வேண்டுமென்றால் கேமராவையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்டாண்டுத் தலைகளில் இடப்பக்கம்தான் சாய்க்க வழி இருக்கும். இடப்பக்கம் சாய்ந்த கேமராவில் லென்ஸின் எடை கீழ்நோக்கி இழுக்கும் திசையும், அடியில் உள்ள திருகு கழலும் திசையும் ஒன்று. லென்ஸ் எவ்வளவு கனமோ அவ்வளவு சீக்கிரம் தட்டு தளரும். அவர் தட்டை இறுக்கி இறுக்கிக் கை காய்த்துப்போனார். அவருக்கு விடை கொடுத்தது எல் வடிவத் தட்டு. கேமராவின் அடியிலும் பக்கத்திலுமாக மடங்கி நிற்கும் அதன் இரண்டு கைகளிலும் கிளாம்ப் கவ்வுவதற்கான ஓரம் இருக்கும். நெட்டைப் படத்துக்குத் தலையைச் சாய்க்காமல், கேமராவை எடுத்துப் பக்கவாட்டுக் கையால் மாட்டினால் போதும். எடை ஸ்டாண்டின் நடுவிலேயே நிற்கும். சதுரப் படமும் சுழலும் பேக்கும் வைத்திருப்பவர்கள் இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அந்த எல் தட்டைக் கவ்வியது ஆர்கா-ஸ்விஸ் முறைக் கிளாம்ப். ஸ்விட்சர்லாந்தில் தொடங்கிப் பிறகு பிரான்சுக்குப் போன அந்த நிறுவனத்தின் பந்துத் தலைகளோடு பரவிய முறை. தட்டின் இரண்டு ஓரங்களும் 45 பாகையில் உள்நோக்கிச் சரிந்திருக்கும். தச்சர்கள் மேசை இழுப்பறை மூலையில் ஆப்பு வடிவில் கோத்து இணைப்பதைப் போன்றது. தட்டின் அகலம் ஏறக்குறைய 38 மி.மீ. கிளாம்பின் தாடை நெருங்க நெருங்க, சரிவு தட்டைக் கீழே இழுத்து அமுக்கும். இறுக்குவதும் உட்கார வைப்பதும் ஒரே செயலாகிவிடுகின்றன. நீளமான தட்டாக இருந்தால் முன்னும் பின்னும் நகர்த்தி எடை மையத்தைத் தலைக்கு நேரே கொண்டுவரலாம். பெல்லோஸ் நீட்டிய ஆர்பிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இன்று பல நாட்டு நிறுவனங்கள் இதே வடிவில் செய்கின்றன. ஆனால் ஒருவர் தட்டு இன்னொருவர் கிளாம்பில் கச்சிதமாக உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது. அகலத்திலும் சரிவிலும் சின்ன வேறுபாடுகள் உண்டு. குமிழ் திருகும் கிளாம்ப் அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும். லீவர் கிளாம்ப் ஓர் அகலத்துக்கென்று அமைத்தது. சற்றே மெலிந்த தட்டைப் போட்டால் மூடியதுபோல மூடிக்கொள்ளும், பிடித்திருக்காது. கனமான கேமரா வைத்திருப்பவர்களுக்குக் குமிழ் கிளாம்பையே நான் சொல்வேன்.

மூன்றாவதாக என் கைக்கு வந்தது ஹாசல்பிளாட் 500சி/எம். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்துத் தயாரிப்பு. 1957இல் வந்த 500சியின் அடுத்த வடிவமாக 1970இல் வெளியானது. அதைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் ஏற்கனவே ஒரு பாதம் இருந்தது. ஓரங்கள் சரிந்த உலோகப் பாதம், கேமராவின் உடம்போடு ஒன்றாகவே அமைந்தது. நிறுவனமே விற்கும் கப்ளிங்கை ஸ்டாண்டில் திருகி வைத்தால், கேமராவை அதன் தடத்தில் தள்ளி லீவரைத் திருப்ப வேண்டியதுதான். நடுவில் தட்டு என்றே ஒன்று இல்லை. ஒரு மூட்டு குறைகிறது. தளர்வதற்கு ஓர் இடம் குறைகிறது.

அந்தக் கேமராவோடு தனுஷ்கோடிக்குப் போன பயணங்களை மறக்க முடியாது. 1964 டிசம்பர் 22, 23இல் வந்த புயல் அழித்த ஊர். இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வராத காலம் அது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் வண்டியில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் குலுக்கலில் கேமரா ஸ்டாண்டில் இருக்கக் கூடாது, மடியில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தேவாலயத்தின் உள்சுவர்களை எடுக்க ஸ்டாண்டு வேண்டும். மீனவர்கள் வலை இழுத்துவரும்போது கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். திரும்பி வந்தால் பாதியில் விட்ட ஃபிரேம் அப்படியே வேண்டும். ரோல் மாற்றுவது இங்கே காரணம் அல்ல. பேக்கை மாற்றினால் போயிற்று. கேமராவைச் சாய்ப்பதும் இல்லை, படம் சதுரம். கைக்கும் ஸ்டாண்டுக்கும் மாறி மாறிப் போவதுதான் என் தேவை. அதற்கு வேண்டியது திரும்பத் திரும்ப அதே இடத்தில், அதே கோணத்தில் வந்து உட்காரும் மவுன்ட். அந்தப் பாதமும் தடமும் அதைத்தான் செய்தன.

மணல் அங்கே பெரிய எதிரி. காற்று ஓயாமல் மணலைத் தூவிக்கொண்டிருக்கும். தாடைக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு மணல்பரல் சிக்கினால் போதும், லீவர் முழுதாகத் திரும்பினாலும் கேமரா ஒரு பக்கம் தூக்கி நிற்கும். எண்ணெய் போட்டால் மணல் இன்னும் ஒட்டும் என்பதால் கிளாம்பை எப்போதும் உலர்வாகவே வைத்திருந்தேன். சட்டைப் பையில் சின்ன பிரஷ் இருக்கும். ஒவ்வொரு முறை மாட்டுவதற்கு முன்னும் தடத்தை ஒரு தட்டு தட்டி, பாதத்தை ஒரு துடைப்புத் துடைத்த பிறகே கேமராவை வைப்பேன். பூட்டியதும் உடனே கையை எடுத்துவிடாமல், கேமராவை மேல்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். லீவரின் நிலையைக் கண் சொல்வதை நம்பலாம். ஆனால் பிடித்திருக்கிறதா என்பதைக் கைதான் சொல்லும். இந்தப் பழக்கத்தை என்னிடம் வேலை பழகிய எல்லோருக்கும் லென்ஸைத் தொடுவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆர்கா முறைத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: தட்டின் இரண்டு முனைகளிலும் சின்னத் தடுப்புத் திருகுகள் வரும், அவற்றைத் தொந்தரவு என்று கழற்றிவிடக் கூடாது. கிளாம்ப் சற்றே தளர்ந்தாலும் கேமரா வழுக்கி வெளியே போகாமல் நிறுத்துபவை அவைதான்.

இன்றைக்கு இளைஞர்கள் பலர் மீண்டும் ஒன் ட்வென்டி ஃபிலிமைத் தேடி வருகிறார்கள். அண்மையில் ஆர்பி67 வாங்கிய பெண் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். திருப்பூரில் ஒற்றை அறை ஸ்டுடியோவில் முதியவர்களின் உருவப்படங்களை மட்டும் எடுக்கிறார். எந்த பிளேட் வாங்கலாம், எந்த கிளாம்ப் உறுதியானது என்று பெரிய பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கடைகளில் விசாரித்த விலைகளும் அதில் இருந்தன. அந்தத் தொகைக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாம்.

“எதுக்கும்மா ஸ்டாண்டுலருந்து கழட்டுவீங்க?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். ரோல் மாற்ற இல்லை, பேக் தனியாக வரும். நெட்டைப் படத்துக்கு இல்லை, பேக் சுழலும். கையில் வைத்து எடுக்கப்போவதில்லை, இந்த எடையோடு அது அவருக்கு வேண்டாம். ஸ்டுடியோவை விட்டு வெளியே எடுத்துப் போவதும் இல்லை. “ராத்திரி பூட்டிட்டுப் போறப்ப பெட்டியில வைக்கறதுக்கு மட்டுந்தான் சார்” என்றார்.

அப்படியென்றால் எதுவும் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். ஸ்டாண்டின் தலையில் அகலமான தளம் இருக்கிறது. அதிலிருக்கும் ரப்பரை உரித்துவிட்டுக் கேமராவை நேராகத் திருகி இறுக்கினால் நடுவில் எந்த மூட்டும் இல்லை. மூட்டே இல்லாத இடத்தில் ஆடுவதற்கு எதுவும் இல்லை. காலையில் ஒருமுறை திருகுவதற்கும் மாலையில் ஒருமுறை கழற்றுவதற்கும் ஆகும் நேரம் அவருடைய வேலைக்கு ஒரு பொருட்டே அல்ல. லேசரை ஒட்டி ஐந்து மீட்டர் சுவரில் புள்ளியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். பிளேட்டுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் ஃபிலிம் வாங்கப்போவதாகச் சொன்னார்.

கல்யாண மேடையில் ரோல் மாற்றுகிறவருக்குக் கதவை மறைக்காத தட்டு வேண்டும். நீலகிரியில் கேமராவைச் சாய்க்கிறவருக்கு எல் தட்டு வேண்டும். பெல்லோஸை நீட்டுகிறவருக்கு முன்னும் பின்னும் நகரும் நீளத் தட்டு வேண்டும். கையிலும் ஸ்டாண்டிலும் மாறி மாறி எடுக்கிறவருக்குப் பழைய இடத்துக்கே திரும்பும் தடம் வேண்டும். கழற்றாதவருக்கு ஒரு திருகு போதும். விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் தன் வேலையில் கேமரா எப்போது, ஏன் ஸ்டாண்டை விட்டு இறங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பார்க்கிறவர் சரியான மவுன்ட்டை வாங்குவார். மாஸ்டர் எனக்குக் கொடுத்த அந்தக் கேள்வியை நானும் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் அதைவிடப் பயனுள்ள எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.